காஞ்சியில் பிறந்து நாலந்தாவில் வளர்ந்த வினா

நாம் காணும் உலகம் நம்மை விட்டுப் புறத்தே தானாக நிற்கின்றதா, அன்றி நம் அறிவின் தோற்றமாக மட்டும் நிற்கின்றதா என்பது மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதல் அவனை விடாது தொடரும் வினாக்களுள் ஒன்று. அதனோடு உடன்பிறந்தது மற்றொரு வினா. அறிவு என்பது யாது? பூதங்கள் கூடிய காலத்துப் பிறந்து, அவை பிரிந்த காலத்து மறைவதா? அன்றிப் பூதங்களுக்கும் முற்பட்டதா? இவை மேனாட்டுத் தத்துவ நூல்களுக்கே உரிய வினாக்கள் என்று கருதுவோர் நம்மிடையே உளர். பாரத நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசவைகளிலும் மடங்களிலும் இவை ஓயாது வாதிக்கப்பட்டன என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர்.

தமிழர்க்கும் இவ்வாதம் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர் ஒவ்வொருவராக வந்து தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். அவருள் ஒருவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய இடத்துக் கள்ளின் களிப்பு எவ்வாறு பிறக்கின்றதோ அவ்வாறே பூதங்கள் கூடிய இடத்து உணர்வு பிறக்கின்றது என்பது அவன் கட்சி. காட்சி ஒன்றே அளவை, கருத்தளவு கொள்ளத்தக்கதன்று என்றும் அவன் சாதிக்கின்றான். அப்படியாயின் உன்னைப் பெற்ற தாய் தந்தையரை நீ எந்த அளவையால் அறிந்தாய் என்று மணிமேகலை நகைத்துக் கேட்கின்றாள். அவ்வளவில் அந்த வாதம் முடிகின்றது.

பூதவாதிக்கு நேர் எதிரான கடைக்கோடியில் நின்று, அறிவு ஒன்றே உள்ளது, புறப்பொருள் என்பது அதன் தோற்றமே என்று முழங்கியவர்களும் இந்நாட்டில் இருந்தனர். அவர்களை விஞ்ஞானவாதிகள் என்றும் யோகாசாரர் என்றும் நூல்கள் அழைக்கின்றன. அவர்களுள் தலைசிறந்த ஆசிரியர் ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்து, மகத நாட்டை அடைந்து, நாலந்தா மகாவிகாரத்தின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர். அவர் பெயர் தருமபாலர். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நம்மனோர் அவர் வரலாற்றை ஒருமுறையேனும் அறிந்துகொள்ளுதல் தகும். அவர் எழுதியவை பிறந்த மண்ணில் மறைந்து, அவர் காணாத நாடுகளில் உயிர் பெற்றிருப்பதே அதற்குக் காரணம்.

காஞ்சியும் தருமபாலரும்

தருமபாலர் வாழ்க்கையைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் சீன நாட்டுக் குறிப்புகளால் கிடைத்தவையே. கி. பி. 640ஆம் ஆண்டையொட்டித் தென்னாட்டிற்கு வந்த யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி, திராவிட நாட்டின் தலைநகராகிய காஞ்சியைப் பற்றி எழுதியிருக்கின்றார். நிலம் வளமானது, மக்கள் அஞ்சாநெஞ்சினர், வாய்மையைப் போற்றுபவர், கல்வியைப் பெரிதும் மதிப்பவர் என்பன அவர் கூற்று. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், அவற்றில் பதினாயிரம் துறவிகளும், எண்பது தேவாலயங்களும், மிகப் பல சமணரும் அந்நகரில் இருந்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். ஒரே நகரத்தில் இத்தனை சமயத்தார் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் அங்கு வாதம் ஓயாது நடந்தது என்பதில் வியப்பில்லை. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனே மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். அதில் கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன், வேதாந்தத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் கருத்துகளைத் திருடியவர் புத்தர் என்று பழிக்கின்றான். தத்துவத்தைப் பற்றி நகைச்சுவை எழுதினால் கேட்டுச் சிரிக்கத் தெரிந்த சபை அங்கு இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நகரில், மகேந்திரவர்மனுக்கும் முற்பட்ட ஆறாம் நூற்றாண்டில், அமைச்சர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவர் தருமபாலர் என்று யுவான் சுவாங் எழுதுகின்றார். அவருடைய அறிவையும் பண்பையும் கண்ட அரசன் தன் மகளை அவருக்கு மணம் செய்விக்க உறுதி செய்தான். இல்லறத்தில் நாட்டமில்லாத இளைஞர், திருமணத்திற்கு முன்னாள் மாலையில் புத்தர் திருவுருவத்தின் முன் நின்று கலங்கி வேண்டினார். தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்று, நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்த மலைப்பள்ளி ஒன்றில் விட்டதாம். கதவைத் திறந்த துறவி, திருமணக் கோலத்தில் நின்ற இளைஞரைத் திருடன் என்றே எண்ணினார் என்றும், உண்மை அறிந்த பின்னர்த் துறவு அளித்தார் என்றும் கதை செல்கின்றது. தெய்வம் தூக்கிச் சென்றதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அரசன் மருகனாக வாழவேண்டியவர் எல்லாவற்றையும் துறந்து வடக்கு நோக்கிச் சென்றார் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

அவர் சென்று சேர்ந்த நாலந்தா, ஐந்தாம் நூற்றாண்டில் குமாரகுப்தன் காலத்தில் எழுந்தது. இன்றைய பீகார் மாநிலத்தில் செங்கல் சுவர்களாக நாம் காணும் அவ்விடத்தில் அன்று பல நாட்டு மாணவர் கூடிக் கற்றனர். வேதமும் தருக்கமும் இலக்கணமும் மருத்துவமும்கூட அங்கு கற்பிக்கப்பட்டன. அக்கல்விக் கடலில் காஞ்சி இளைஞர் ஆழ்ந்து, விரைவில் அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

உலகம் அறிவின் தோற்றமே என்ற கொள்கை

தருமபாலர் விளக்கிய கொள்கை அவர் புதிதாகக் கண்டதன்று. இன்றைய பெஷாவர் நகரமாகிய புருஷபுரத்தில் தோன்றிய அசங்கர், வசுபந்து என்னும் உடன்பிறந்தார் இருவர் அதற்கு அடிகோலினர். வசுபந்து இருபது செய்யுட்களால் ஒரு நூலும் முப்பது செய்யுட்களால் மற்றொரு நூலும் இயற்றி அக்கொள்கையை நிறுவினார். விம்சதிகை, திரிம்சிகை என்பன அவற்றின் பெயர்கள்.

கண்ணில் திமிர நோய் உற்றவன் எதிரே இல்லாத மயிரிழைகளைக் காண்கின்றான். கனவு காண்பவன் இல்லாத ஊரில் இல்லாத மனிதரோடு பேசுகின்றான். பொருள் இல்லாமலும் காட்சி நிகழக்கூடும் என்பது இவற்றால் விளங்குகின்றது. இது கேட்டு எதிர்க்கட்சியார் வாளாவிருப்பரோ? புறப்பொருள் இல்லையாயின் ஒன்றை ஒரு குறித்த இடத்திலும் குறித்த காலத்திலும் மட்டும் காண்பது ஏன்? ஒருவன் காண்பதையே அங்குள்ள அனைவரும் காண்பது எப்படி? கனவில் உண்ட சோறு பசியைத் தீர்க்காதிருக்க நனவில் உண்ட சோறு மட்டும் தீர்ப்பது எதனால்? இவ்வினாக்களை வசுபந்துவே தம் நூலின் தொடக்கத்தில் எதிர்க்கட்சியார் வாய்மொழியாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றிற்கும் விடை கூறுகின்றார். கனவிலும் இடமும் காலமும் வரையறுக்கப்பட்டே தோன்றுகின்றன. தீவினையால் பேயாய்ப் பிறந்தோர் அனைவரும் தெளிந்த ஆற்றைச் சீழ் ஓடும் ஆறாகவே ஒருசேரக் காண்கின்றனர். ஒத்த வினையுடையார்க்கு ஒத்த உலகம் தோன்றும் என்பன அவர் விடைகள்.

அணுக்களால் உலகம் ஆகியது என்போரையும் அவர் விடவில்லை. ஓர் அணுவை ஆறு திசையிலும் ஆறு அணுக்கள் சூழ்ந்து கூடுமாயின் நடுவில் உள்ள அணுவிற்கு ஆறு பக்கங்கள் உண்டு. பக்கம் உடையதைப் பிரிக்கலாமாதலால் அது அணுவாகாது. பக்கமே இல்லை எனின் ஏழும் ஒரே இடத்தில் அடங்கி, மலையும் அணுவளவே ஆகிவிடும். இந்த இருதலைப் பொறியிலிருந்து தப்புவது எளிதன்று.

பின் வந்த திக்நாகர், காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறுகின்றது. அறிவுக்கு விடயமாகும் பொருள் இரண்டு தகுதிகளை உடையதாதல் வேண்டும் என்றார் அவர். அஃது அறிவைத் தோற்றுவிக்க வேண்டும்; அறிவில் தன் வடிவத்தைக் காட்டவும் வேண்டும். தனி அணு அறிவைத் தோற்றுவிக்கலாம், ஆனால் அணுவின் வடிவம் நமக்குத் தோன்றுவதில்லை. அணுக்களின் கூட்டம் குடமாகத் தோன்றலாம், ஆனால் கூட்டம் என்பது, கண் கோளாறு உடையவனுக்குத் தோன்றும் இரண்டாம் சந்திரனைப் போல, உண்மையில் இல்லாததாகலின் எதையும் தோற்றுவிக்க மாட்டாது. ஆகவே அறிவின் உள்ளே நிற்கும் வடிவமே அறிவிற்கு விடயம் என்று அவர் முடித்தார்.

இவ்விரு பேராசிரியர் நூல்களுக்கும் உரை கண்டவர் தருமபாலர். விஞ்ஞானம் எட்டு வகைப்படும் என்பது இப்பள்ளியின் கொள்கை. ஐம்பொறி வழி எழுவன ஐந்து. அவற்றைத் தொகுத்து உணரும் மனம் ஆறாவது. நான் என்று பற்றி நிற்கும் மலினமான மனம் ஏழாவது. இவற்றிற்கெல்லாம் அடியில் ஓடும் ஆலய விஞ்ஞானம் எட்டாவது. இங்கு ஆலயம் என்பது கோயிலன்று. பனியின் உறைவிடம் இமாலயம் ஆனது போல, வினை வித்துகளின் உறைவிடம் ஆலய விஞ்ஞானம் ஆயிற்று. அது நிலைத்த ஆன்மாவும் அன்று. வெள்ளப்பெருக்கைப் போலக் கணந்தோறும் மாறிக்கொண்டே தொடர்வது. எள்ளை மலரோடு சேர்த்து வைத்தால் எள்ளில் மலரின் மணம் ஏறுவது போல, நாம் எண்ணுவனவும் செய்வனவும் அதில் வாசனையாக ஏறுகின்றன. அவ்வாசனையே பின்னர் உலகக் காட்சியாக விளைகின்றது. ஒரு குழந்தை கற்பிக்காமலே பாடக் கண்டால் பூர்வஜன்ம வாசனை என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. அச்சொல்லின் பின்னே எத்தகைய தத்துவ ஆராய்ச்சி நிற்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தருமபாலரின் தனிச்சிறப்பு அறிவின் கூறுகளை ஆராய்ந்த இடத்தில் விளங்குகின்றது. துணியை அளப்பவனிடத்து அளக்கப்படும் துணி ஒன்று, அளக்கும் கோல் ஒன்று, இத்தனை முழம் என்னும் முடிபு ஒன்று என மூன்று உண்டு. அவ்வாறே ஓர் அறிவில் காணப்படும் கூறு, காணும் கூறு, கண்டேன் என்று தன்னை உணரும் கூறு என மூன்று உண்டு என்றார் திக்நாகர். தருமபாலர் மேலும் ஒரு வினா எழுப்பினார். கண்டேன் என்று உணரும் அந்த மூன்றாம் கூற்றுக்குச் சான்று யாது? அதையும் உணர்வதொரு நான்காம் கூறு வேண்டும் என்றார். அப்படியாயின் ஐந்தாவதும் ஆறாவதும் வேண்டி முடிவே இராதன்றோ என்று கேட்பார்க்கு, மூன்றாவதும் நான்காவதும் ஒன்றற்கொன்று சான்றாகி நிற்கும், மேலும் வேண்டுவதில்லை என விடையிறுத்தார். தன்னைத் தான் அறிதல் என்னும் செயலை இவ்வளவு நுணுகிப் பகுத்தவர் மிகச் சிலரே.

ஆசிரியரை வென்ற மாணவர்

தருமபாலரின் மாணவருள் முதல்வர் சீலபத்திரர். கிழக்கு வங்கத்துச் சமதட நாட்டு அரச குலத்தில் பிறந்த அந்தணர். மரபு கூறும் கணக்கை ஏற்றுக்கொண்டால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. ஒருகால் தென்னாட்டிலிருந்து புலவர் ஒருவர் தருமபாலரின் புகழைப் பொறாது, மலைகளையும் ஆறுகளையும் கடந்து மகதத்திற்கு வந்து வாதுக்கு அழைத்தார். தருமபாலர் எழுந்து புறப்பட, சீலபத்திரர் குறுக்கிட்டுத் தாமே செல்ல விடை வேண்டினார். அப்பொழுது அவருக்கு வயது 30. இத்துணை இளையவரை அனுப்புவதா என்று மற்றவர் ஐயுற்றனர். அவர் திறமையை அறிந்த ஆசிரியர் அவர்களை அமைதிப்படுத்தி மாணவரையே அனுப்பினார். எங்கெங்கிருந்தோ மக்கள் திரண்ட அவையில், வந்தவர் தம் கட்சியை முழுவதும் விரித்துரைத்தார். சீலபத்திரர் அதை எடுத்து ஒவ்வொன்றாக மறுக்க, அவர் விடைகூற இயலாது நாணி அகன்றார். மகிழ்ந்த அரசன் ஓர் ஊரின் வருவாயை அளித்தான். துறவிக்கு அது வேண்டா என்று மறுத்த சீலபத்திரர், அரசன் வற்புறுத்தியதால் ஏற்று, அதைக் கொண்டு ஒரு விகாரம் கட்டினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. வாதம் என்றால் முதலில் எதிரியின் கட்சியை முழுவதும் கேட்டல் வேண்டும். கேட்டதை அவன் ஒப்பும்படி எடுத்துச் சொல்லல் வேண்டும். அதன் பின்னரே மறுத்தல் வேண்டும். இதனைப் பூர்வபட்சம் என்றும் சித்தாந்தம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். இந்த ஒழுங்கே தருமபாலரின் கொள்கையைப் பிற்காலத்தில் காத்தது.

தருமபாலர் நெடுநாள் வாழவில்லை. புத்தகயையில் ஒதுங்கி வாழ்ந்து 32ஆம் வயதில் மறைந்தார் என்று சீன மரபு கூறுகின்றது.

கடல் கடந்த நூல்

யுவான் சுவாங் நாலந்தாவை அடைந்தபோது தருமபாலர் மறைந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு சென்றுவிட்டது. ஆனால் சீலபத்திரர் இருந்தார். அவருக்கு அப்பொழுது வயது 106 என்று யுவான் சுவாங்கின் சரிதம் கூறுகின்றது. அம்முதியவரின் காலடியில் அமர்ந்து யுவான் சுவாங் யோகாசார நூல்களைக் கற்றார். பின்னர்க் காஞ்சிக்குச் சென்றபோது இலங்கையிலிருந்து வந்திருந்த துறவிகளைக் கண்டு அந்நூல்களைப் பற்றி வினவினார் என்றும், அவர்கள் கூறியது சீலபத்திரர் கூறியதை விஞ்சவில்லை என்றும் அச்சரிதம் தெரிவிக்கின்றது. காஞ்சியிற் பிறந்தவரின் கருத்தை நாலந்தாவில் வங்கத்தவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, சீனர் ஒருவர் காஞ்சிக்கே வந்து நின்றார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

645ஆம் ஆண்டு யுவான் சுவாங் தம் நாட்டுத் தலைநகரை அடைந்தபோது 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றிக் கொண்டுசென்றார். அவற்றுள் வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்குப் பத்து ஆசிரியர் எழுதிய உரைகளும் இருந்தன. பத்தையும் தனித்தனியே மொழிபெயர்க்க எண்ணியவரை அவர் மாணவர் குவெய்ஜி தடுத்து, ஒன்றோடொன்று முரண்படும் பத்து உரைகளால் கற்போர் மயங்குவர், தருமபாலர் உரையைத் தலைமையாகக் கொண்டு ஒரே நூலாகத் தொகுத்தல் வேண்டும் என்று வேண்டினார். அவ்வாறே 659ஆம் ஆண்டு பத்துப் பகுதிகளாக அந்நூல் சீன மொழியில் உருவாயிற்று. சீனர் தருமபாலரை ஹூஃபா என்று அழைக்கின்றனர். தருமத்தைக் காப்பவர் என்பதே அதன் பொருள். அக்காலத்தில் யுவான் சுவாங்கிடம் கற்ற தோசோ என்னும் ஜப்பானியத் துறவி அக்கொள்கையைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். ஹொஸ்ஸோ என்னும் அப்பள்ளி இன்றும் நாரா நகரத்தில் உள்ளது. அங்குக் கோஃபுகுஜி என்னும் கோயிலில், உங்கெய் என்னும் புகழ்பெற்ற சிற்பியின் பட்டறையில் 1212ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பெற்ற அசங்கர், வசுபந்து ஆகியோரின் மரச்சிலைகள் விளங்குகின்றன.

அந்தச் சீன நூலில் ஓரிடம் நம் உள்ளத்தைத் தொடுவது. எல்லாம் விஞ்ஞானமே என்றால் என் விஞ்ஞானம் ஒன்று மட்டுமே உள்ளது என்று பொருளா என்ற ஐயம் அங்கு எழுப்பப்படுகின்றது. அன்று என்பதே விடை. பிறருடைய விஞ்ஞானம் இல்லையென்றால் கற்பிப்பவர் யார், கற்பவர் யார், எதனைக் கற்பிப்பது என்று அந்நூல் திருப்பிக் கேட்கின்றது. மலையையும் கடலையும் மறுக்கத் துணிந்தவர்கள் எதிரே அமர்ந்த மாணவனை மறுக்கவில்லை. அப்படியாயின் பலர் காணும் உலகம் ஒன்றாகத் தோன்றுவது எவ்வாறு? ஓர் அறையில் பல விளக்குகளை ஏற்றினால் ஒவ்வொன்றின் ஒளியும் அறை முழுவதும் பரவுகின்றது. எனினும் இஃது இவ்விளக்கின் ஒளி, அஃது அவ்விளக்கின் ஒளி என்று பிரித்துக் காட்ட இயலாது ஒரே ஒளியாகத் தோன்றுகின்றது. பல உயிர்களின் அறிவில் எழும் உலகமும் அத்தகையதே.

மறுத்தோர் காத்த கொள்கை

தாய்நாட்டில் நிகழ்ந்தது வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி நாலந்தா அழிந்தது. வடமொழியில் தருமபாலர் எழுதிய திரிம்சிகை உரை நமக்குக் கிடைக்கவில்லை. 1925ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி, நேபாளத்தில் கிடைத்த சுவடிகளைக் கொண்டு வசுபந்துவின் இரு நூல்களையும் வடமொழியில் பதிப்பித்தார். அதனுடன் வெளிவந்த உரை ஸ்திரமதி என்னும் மற்றோர் ஆசிரியருடையது. தருமபாலரை அறிய விரும்புவோர் இன்றும் சீன மொழியையே நாடவேண்டியுள்ளது.

ஆயினும் அவர் பேணிய கொள்கை இந்நாட்டில் மறைந்துவிடவில்லை. அதை மறுத்தவர்களே அதற்கு வாழ்வளித்தனர். சங்கரர் பிரமசூத்திர பாடியத்தில் விஞ்ஞானவாதத்தை விரிவாக எடுத்துரைத்துப் பின் மறுக்கின்றார். தூண், சுவர், குடம், ஆடை என்று புறப்பொருள்களை நாம் காண்கின்றோம். காண்பதை இல்லையென்பவன், வயிறார உண்டு மகிழ்ந்துகொண்டே நான் உண்ணவில்லை என்பவனை ஒப்பான் என்பது அவர் வாதம். புறத்தே உள்ளது போலத் தோன்றுகின்றது என்று கூறுவதற்கே புறம் என ஒன்று வேண்டுமன்றோ? விஷ்ணுமித்திரன் மலடி மகனைப் போல இருக்கின்றான் என்று யாரும் சொல்வதில்லை. கனவும் நனவும் ஒன்றல்ல, கனவு விழித்தபின் பொய்யாகின்றது என்பதையும் அவர் காட்டுகின்றார். உலகைப் பிரமத்தின் தோற்றம் என்று கூறும் ஆசாரியரே, புறப்பொருளை மறுப்பாரோடு இவ்வாறு போராடினார்.

தருமபாலர் பிறந்த காஞ்சியிலேயே சில நூற்றாண்டுகளுக்குப் பின் இராமானுசர் பயின்றார். அறிவு என்பது எஞ்ஞான்றும் அறிவான் ஒருவனையும் அறியப்படும் பொருள் ஒன்றையும் பற்றியே நிற்கும் என்று அவர் நிறுவினார். கனவுப் பொருள்களும் கண்டவனின் வினைக்கேற்ப இறைவன் படைத்தவையே, வெறும் பொய்யல்ல என்பது அவர் துணிபு. ஒரே நகரத்து மண், உலகமே அறிவு என்றவரையும், கனவும் மெய் என்றவரையும் தாங்கியிருக்கின்றது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் தமிழ்த் தத்துவ நூல்களுள் மணிமுடி போன்றது. அதன் முற்பகுதியாகிய பரபக்கம் முழுவதும் பிறர் மதங்களுக்கே உரியது. உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார் அங்கு வரிசையாக வந்து தத்தம் கட்சியைத் தமிழ்ச் செய்யுளில் கூறுகின்றனர். ஒவ்வொன்றின் பின்னரும் மறுப்பு வருகின்றது. அவர்களுள் யோகாசாரனும் ஒருவன். சைவ சித்தாந்தத்திற்கு உலகம் உள்பொருள். மாயை என்னும் சொல்லுக்கு அங்குப் பொய்த்தோற்றம் என்பது பொருளன்று. உலகிற்கு முதற்காரணமாகிய மெய்ப்பொருள் என்பதே பொருள். உயிரோ, சார்ந்ததன் வண்ணமாய் நின்று, ஒளியின் துணைகொண்டு காணும் கண்ணைப் போல இறைவன் அறிவிக்க அறிவது. இக்கொள்கையை உறுதியாகப் பற்றிய ஆசிரியர், தமக்கு முற்றிலும் மாறான விஞ்ஞானவாதத்தைத் தமிழில் பதிவுசெய்து வைத்தார். அன்பரும் பகைவரும் ஆகிய இரு சாராரும் சேர்ந்தே ஒரு கருத்தை உயிரோடு வைத்திருக்கின்றனர்.

இன்றைய நிலை

இத்தனை நூற்றாண்டு சென்றும் வினா முடிந்துவிடவில்லை. 1998ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரேமன் நகரில் கிறிஸ்டோஃப் கோக் என்னும் மூளை ஆராய்ச்சியாளரும் டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ அறிஞரும் ஒரு பந்தயம் கட்டினர். மூளை நரம்புகளின் எந்தச் செயலால் உணர்வு பிறக்கின்றது என்பது இருபத்தைந்து ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்றார் கோக். ஆகாது என்றார் சால்மர்ஸ். 2023ஆம் ஆண்டு நியூயார்க்கில் அறிஞர் பேரவை கூடியபோது கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு திராட்சை மதுப் புட்டிகளைப் பந்தயப் பொருளாக அளித்தார். கள்ளின் களிப்பைக் கொண்டு உணர்வை விளக்க முயன்ற நம் பூதவாதி இதைக் கேட்டால் என்ன நினைப்பானோ!

மூளை ஆராய்ச்சி வளர்ந்தே வருகின்றது. எந்தப் பகுதி எந்தச் செயலுக்கு உரியது என்பதெல்லாம் பெரிதும் தெரிந்துவிட்டது. எனினும் சிவப்பு நிறத்தைக் காண்பவனுக்கு அச்சிவப்பு தோன்றும் அனுபவம் நரம்பின் அசைவிலிருந்து எவ்வாறு எழுகின்றது என்பது இன்றும் விளங்காத புதிராகவே உள்ளது. காணும் கூறு, கண்டேன் என்று உணரும் கூறு, அதையும் உணரும் கூறு என்று தருமபாலர் பகுத்த இடமும் அதுவே. அவர் விடையை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. சுவர் சுவராகவே நிற்கின்றது என்று கொள்வோர்க்குச் சங்கரரும் இராமானுசரும் அருணந்தியாரும் துணை நிற்கின்றனர். ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், மறுபக்கத்தை அதன் வலிமை குன்றாது எடுத்துச் சொல்லத் தெரிந்தவனே அந்தப் பக்கத்தில் நிற்கும் உரிமையை அடைகின்றான் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நமக்கு ஒரு சொல்

தமிழ் நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு அடிக்கடி எழும் கவலை ஒன்று உண்டு. நம் மக்கள் இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றார்களே, நம்முடையது அவர்களோடு நிலைக்குமோ என்பதே அது. கவலை நியாயமானதே. சுவடியைப் படியெடுப்பாரும் கற்பாரும் இல்லாத இடத்து எத்துணைப் பெரிய நூலும் அழியும் என்பதைத் தருமபாலரின் உரையே நமக்கு எடுத்துக்காட்டுகின்றது. ஆனால் அக்கருத்து வங்கத்து மாணவன் நெஞ்சில் வாழ்ந்தது; சீன மொழியில் வாழ்ந்தது; மறுத்தவரின் வடமொழியிலும் தமிழிலும் வாழ்ந்தது. பெட்டியில் பூட்டி வைத்த இடத்தில் அது வாழவில்லை. பிறர்க்குச் சொன்ன இடத்தில் வாழ்ந்தது. ஆகவே அண்டை வீட்டாரின் மொழியை நம் பிள்ளைகள் கற்பது இழப்பு ஆகாது. நம்முடையதை அம்மொழியில் எடுத்துச் சொல்லும் அளவிற்கு நாம் அவர்களுக்கு அதைக் கற்பியாமல் விடுவதே இழப்பு. மணிமேகலையும் சித்தியாரும் கேட்ட கேள்விகளை வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது, அதட்டி அடக்காமல் அமர்ந்து விடைகூறும் பொறுமையும் நமக்கு வேண்டும்.

பீகார் பக்கம் செல்வோர் நாலந்தாவைக் காணாது திரும்பலாகாது. 2016ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அவ்விடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்காம் அடையாளம் கண்டதும் யுவான் சுவாங் எழுதி வைத்த குறிப்புகளின் துணைகொண்டே. அங்குள்ள சிறு அறைகளையும் கற்படிகளையும் காணும்போது, காஞ்சி அமைச்சர் மகன் ஒருவர் இங்கிருந்து கற்பித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. அவர் கொள்கையையும் சொல்வோமாக. அதை மறுத்தவர்களின் கொள்கையையும் சொல்வோமாக. எது உண்மை என்று அவர்கள் கேட்டால், சிந்தித்துப் பார் என்று அவர்களிடமே விடுவோமாக. ஓர் அறையில் ஏற்றிய பல விளக்குகள் போல நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தன் ஒளியைப் பரப்பி, அனைத்தும் ஓரொளியாகத் துலங்குவதாக!